ஆற்றங்கரைச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு: ஆடிப்பெருக்குக் கேள்வி பதில்கள்

ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் தேதியில் வரும். அன்றைக்குக் கல்லணையிலிருந்து பூம்புகார் வரைக்கும் காவிரிக்கரை ஊர்களில் விடியும்போதே அடுப்பு பற்றிவிடும். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் கிளறி, தூக்கிலும் டப்பாவிலும் அடைத்து, திருவையாறு புஷ்ய மண்டபத்துக்கோ கும்பகோணம் பகவத் படித்துறைக்கோ மயிலாடுதுறை துலாக்கட்டத்துக்கோ கிளம்புவார்கள். தொட்டுக்கொள்ள அப்பளம், வடாம், ஊறுகாய் என்று எது இருந்தாலும் குழந்தைகள் முதலில் தேடுவது உருளைக்கிழங்கைத்தான். காலை எட்டு மணிக்கு இறக்கிய கறி, பூஜை முடிந்து இலை போடும் வரைக்கும் மொறுமொறுப்பும் மணமும் குறையாமல் இருக்க வேண்டும். கெட்டும் போகக் கூடாது. கேட்கிறவர்களின் கேள்விகள் எல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கின்றன. கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அதை எவ்வளவு விரட்டுகிறோமோ அவ்வளவு நேரம் கறி நிற்கும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தை ஒட்டியவைதான்.

எந்தக் கிழங்கு வாங்குவது? கடையில் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது?

பார்க்கத்தான் ஒரே மாதிரி. ஆடி மாதத்தில் நம் கடைகளில் முக்கியமாக இரண்டு தினுசு கிடைக்கும். ஒன்று, ஆக்ரா கிழங்கு என்ற பொதுப்பெயரில் விற்கிற வடநாட்டுக் கிழங்கு. தை, மாசி, பங்குனியில் தோண்டி, குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு வருவது. இன்னொன்று ஊட்டிக் கிழங்கு. மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் போய், மண் ஒட்டிய தோலோடு வரும். விலை கூட. வறுவலுக்கு ஊட்டிக் கிழங்கு கண்ணில் பட்டால் காசைப் பார்க்காமல் வாங்கிவிடுங்கள். கிடங்குக் குளிர் படாத கிழங்கு சீராகச் சிவக்கும்.

அடுத்தது, புதுக் கிழங்கா, முற்றின கிழங்கா என்று பார்க்க வேண்டும். நகத்தால் சுரண்டினால் தோல் சருகாக உரிந்து வந்தால் புதுசு. அதன் சதை இறுக்கமாக இருக்கும், வெந்தாலும் உடையாது. சதுரமாக நறுக்கிச் செய்யும் வறுவலுக்கு அதுதான் சரி. முற்றின கிழங்கில் மாவு அதிகம். பொடிமாஸுக்கு அதைவிட நல்லது இல்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு பங்கு உப்பைப் பதினொரு பங்கு தண்ணீரில் கரைத்துக் கிழங்கைப் போட்டுப் பாருங்கள். மாவுக் கிழங்கு முழுகும், இறுகின கிழங்கு மிதக்கும்.

எதை வாங்கினாலும் ஒரே அளவாகப் பொறுக்குங்கள். பெரிசும் சின்னதும் கலந்து குக்கரில் வைத்தால் ஒன்று குழையும், ஒன்று நறுக்கென்று நிற்கும்.

கிழங்கு லேசாக இனிக்கிறது. வறுக்கும்போது சீக்கிரம் கருகவும் செய்கிறது. ஏன்?

குளிரில் இருந்த கிழங்கு அப்படித்தான் செய்யும். நாலைந்து டிகிரிக் குளிரில் வைத்தால் கிழங்கு தன் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். அந்தச் சர்க்கரை எண்ணெய்ச் சூட்டில் உள்ளே வேகும் முன்னே மேலே கருகும். அதனால் பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம். இருட்டான, காற்றோட்டமான மூலையில் சாக்கிலோ கூடையிலோ போட்டு வைத்தால் போதும். ஆடிப் பதினெட்டுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக வாங்கி வீட்டில் வெளியே வைத்தால், கிடங்கிலிருந்து வந்த கிழங்கில்கூட அந்த இனிப்பு ஓரளவு குறையும். விழாவுக்கு முதல் நாள் ராத்திரி கூட்டத்தில் முட்டி மோதி வாங்குவதற்கு இது மேல்.

வேகவைத்து வறுப்பதா, பச்சையாகவே வதக்குவதா?

இரண்டும் உண்டு. பச்சையாக வதக்கினால் ருசி கூடுதல், நேரமும் கூடுதல். அதற்கு மெல்லிசாக நறுக்க வேண்டும். நறுக்கினதும் தண்ணீரில் போட்டால் கறுக்காது, மேலே ஒட்டின மாவும் கழுவிப் போய்விடும். வாணலியில் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. ஆனால் வடிகட்டி, துணியில் ஒற்றிக் காயவைத்த பிறகுதான் எண்ணெயில் போட வேண்டும்.

ஆடிப்பெருக்கு மாதிரி அடுப்புக்கு நெருக்கடியான நாளில் முக்கால் வேக்காடு வேகவைத்து வறுப்பதுதான் நடைமுறைக்குச் சரிப்படும். என் ஓட்டு அதற்குத்தான்.

குக்கரில் வைத்தால் குழைந்துவிடுகிறது. எத்தனை விசில்?

விசிலைவிடத் தண்ணீர்தான் முக்கியம். கிழங்கைத் தண்ணீரில் முழுகவைக்காதீர்கள். குக்கர் அடியில் தண்ணீர் விட்டு, கிழங்கைத் தோலோடு முழுசாக ஒரு வெறும் பாத்திரத்தில் வைத்து உள்ளே இறக்குங்கள். ஆவியில் வெந்தால் தண்ணீர் குடிக்காது. நடுத்தர அளவுக் கிழங்குக்கு இரண்டு விசில், பிறகு அடுப்பை அணைத்து ஆவி தானாக அடங்கட்டும். கத்தி முனை சிரமமில்லாமல் இறங்கி, நடுவில் லேசாகத் தடுத்தால் அது வறுவல் பதம். தடுக்காமல் இறங்கினால் பொடிமாஸ் பதம்.

அப்புறம், சுடச்சுட நறுக்கக் கூடாது. ஆறினால் வெந்த மாவு மறுபடி இறுகும், துண்டு முனை மழுங்காமல் நிற்கும். முதல் நாள் ராத்திரியே வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் உரிப்பது இன்னும் நல்லது. பச்சைக் கிழங்குக்குத்தான் ஃபிரிட்ஜ் ஆகாது, வெந்ததற்கு ஆகும். வெந்த கிழங்கை ராத்திரி முழுக்க மேடையில் வைத்தால்தான் வம்பு. ஆடிக் காற்று வீசினாலும் நம் பக்கத்துப் புழுக்கம் புழுக்கம்தான்.

மத்தியானம் வரை மொறுமொறுப்பாக இருக்கிற வறுவலுக்கு முறை சொல்லுங்கள்.

அரை கிலோ கிழங்கு. வேகவைத்து, ஆறவைத்து, உரித்து, அரை அங்குலச் சதுரமாக நறுக்கிக்கொள்ளுங்கள். அகலத் தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே கால் மணி நேரம் விடுங்கள். நறுக்கின முகத்தில் இருக்கிற ஈரப் பளபளப்பு போய் மங்கலாகத் தெரியும். அதுவரைக்கும் அடுப்புப் பக்கமே போக வேண்டாம். இந்தக் கால் மணியை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் பின்னால் அரை மணி கூட நின்று கிளற வேண்டியிருக்கும்.

இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து நாலு மேசைக்கரண்டி எண்ணெய். கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்பொடி போட்டு, கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். தீயை மட்டாக வைத்து நாலு நிமிஷம் கையை எடுத்துவிடுங்கள். அடிப்பக்கம் பொறுக்குத் தட்டின பிறகுதான் அது தானாக வாணலியை விட்டு வரும். அதற்கு முன்னே கிளறினால் பொறுக்கு வாணலியில், மாவு கரண்டியில்.

இப்போது சத்தத்தைக் கவனியுங்கள். போட்டவுடன் சடசடவென்று இரைச்சலாக இருக்கும். அது தண்ணீர் ஆவியாகிற சத்தம். திருப்பித் திருப்பி விட விட, அந்த இரைச்சல் தணிந்து, அங்கொன்று இங்கொன்றாக மெல்லிய வெடிப்பு மட்டும் கேட்கும். குடித்த எண்ணெயைக் கிழங்கு கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்தில் விட ஆரம்பிக்கும். மொத்தம் இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஆகும். உப்பைப் பாதியில் போடுங்கள். ஆரம்பத்திலேயே போட்டால் நீர் விடும். மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, அரிசி மாவு ஒரு தேக்கரண்டி இரண்டையும் கடைசியில் தூவி, இரண்டே நிமிஷம் பிரட்டி இறக்குங்கள். முதலிலேயே தூளைப் போட்டால் கருகிக் கசக்கும்.

மூடி போடவே கூடாது. இது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூடினால் ஆவி தண்ணீராகித் திரும்ப வாணலிக்குள்ளேயே விழும்.

நான்ஸ்டிக்கில் வருமா என்றால், வரும். இரும்பில் வருகிற அந்தப் பொறுக்கும் நிறமும் வராது.

நல்லெண்ணெயா, கடலெண்ணெயா?

புளியோதரைக்கு நல்லெண்ணெய், அதில் பேச்சே இல்லை. நெல் அறுத்த வயலில் கோடையில் எள் போடுகிற பூமி இது. செக்கில் ஆட்டின எண்ணெய் இன்னும் கிடைக்கிறது. ஆனால் கிழங்கு வறுவலுக்குக் கடலெண்ணெய்தான் ஒத்துவரும். நல்லெண்ணெயின் மணம் இருபது நிமிஷச் சூட்டில் தன் குணத்தை இழந்து கிழங்கின் மணத்தையும் அமுக்கிவிடுகிறது. ஆசையாக இருந்தால் இறக்கும்போது அரைக் கரண்டி மேலாக விட்டுப் பிரட்டுங்கள்.

அன்றைக்கு வெங்காயம் பூண்டு சேர்க்க மாட்டோம். பொடிமாஸ் சப்பென்று போய்விடாதா?

போகாது. இஞ்சியும் பச்சை மிளகாயும் பெருங்காயமும் சரியாக விழுந்தால் வெங்காயத்தை யாரும் தேட மாட்டார்கள். அரை கிலோ மாவுக் கிழங்குக்குக் கட்டைவிரல் அளவு இஞ்சி, நாலு பச்சை மிளகாய், இரண்டும் பொடியாக நறுக்கியது. கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு தாளித்து, பருப்பு சிவந்த பிறகு இவற்றைப் போட்டு வதக்கி, கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள்பொடி. ஆறின கிழங்கைக் கையால் பிசையாமல் உதிர்த்துவிடுங்கள், இல்லையென்றால் பெரிய கண்ணுள்ள துருவியில் துருவுங்கள். பிசைந்தால் பசையாகிவிடும். உப்பு போட்டு, சொட்டுத் தண்ணீர் தெளிக்காமல் ஐந்து நிமிஷம் புரட்டினால் உதிர் உதிராக வரும். எலுமிச்சம்பழத்தை அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகு பிழியுங்கள்.

வழக்கமாகப் போடும் தேங்காய்த் துருவலை ஆற்றங்கரைக்கு எடுத்துப் போகும்போது விட்டுவிடுங்கள். முதலில் ஊசுவது அதுதான். வெங்காயம் சேர்க்கிற வீடுகளுக்கும் இதையே சொல்வேன்: வதக்கின வெங்காயம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், வழி நெடுகக் கறியை நமுத்துப்போக வைக்கும்.

எந்தச் சாதத்துக்கு எந்தக் கறி?

தேங்காய் சாதம் சாது. அதற்குக் காரமான வறுவல். எலுமிச்சை சாதத்துக்கும் வறுவல்தான். பொடிமாஸிலும் எலுமிச்சை இருப்பதால் புளிப்பின் மேல் புளிப்பு சேரும். புளியோதரையில் ஏற்கெனவே எண்ணெய், காரம், கடலை எல்லாம் இருக்கிறது. அதற்கு எலுமிச்சை பிழியாத பொடிமாஸ் நல்ல ஜோடி. தயிர் சாதத்துக்கு எதுவும் போகும், ஆனால் கறிப்பொடி போட்ட கிழங்குக்கு ஈடில்லை. கறிப்பொடிக்கு இரண்டு மேசைக்கரண்டி தனியா, அதே அளவு கடலைப்பருப்பு, ஆறு மிளகாய் வற்றல், ஒரு துண்டு பெருங்காயம். எண்ணெய் விட்டுச் சிவக்க வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்து, வறுவலில் மிளகாய்த்தூளுக்குப் பதிலாகத் தூவ வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். ஒரு வறுவல், ஒரு பொடிமாஸ் போதும்.

புளி விட்ட காரக்கறியில் கிழங்கு வேகாமல் நறுக் நறுக்கென்று நிற்கிறதே?

புளித் தண்ணீரில் பச்சைக் கிழங்கைப் போட்டால் அப்படித்தான் நிற்கும். புளிப்பு கிழங்கின் சதையை இளக விடாது. எவ்வளவு கொதித்தாலும் உள்ளே ஒரு நறுக்கு இருக்கும். முதலில் கிழங்கை முழு வேக்காடு வேகவைத்துக்கொண்டு, கெட்டியாகக் கரைத்த புளியைக் கடைசியில் விட்டு, அது சுண்டி எண்ணெய் பிரியும் வரை வதக்குங்கள். புளிப்பும் எண்ணெயும் நன்றாகச் சுண்டியிருந்தால் கறி மற்றதைவிடக் கொஞ்சம் அதிகம் தாங்கும்.

உருளைக்கிழங்கு சீமைக் கிழங்காயிற்றே, ஆடிப்பெருக்குக்குச் செய்யலாமா?

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக் கிழங்கு இது. போர்த்துக்கீசியர்களோடு மேற்குக் கரைக்கு வந்தது. நீலகிரியில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் காலத்தில் பயிரிட ஆரம்பித்தார்கள். அதனால்தான் திவசச் சமையலில் பல வீடுகளில் இதைச் சேர்ப்பதில்லை; பழைய முறை தவறாத கோயில் மடைப்பள்ளிகளிலும் இடமில்லை. மிளகாயும் இப்படிக் கடல் கடந்து வந்ததுதான். மடைப்பள்ளியில் மிளகு ஆட்சி செய்வது அதனால்தான்.

ஆடிப்பெருக்கில் காவிரிக்குப் படைப்பது காப்பரிசி, பழம், பூ, மஞ்சள், காதோலை கருகமணி, அப்புறம் சித்ரான்னம். கிழங்கு நம் இலைக்கு. மனசுக்கு ஒப்பவில்லை என்றால் சேப்பங்கிழங்கையோ வாழைக்காயையோ இதே முறையில் வறுக்கலாம். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வழக்கம் வீட்டுக்கு வீடு மாறும், அதை மதிப்பது நல்லது.

முதல் நாளே ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்துவிடுகிறார்கள். காலை டிபனுக்குக் கும்பகோணம் கடப்பா செய்து, மிச்சத்தை ஆற்றுக்கு எடுத்துப் போகலாமா?

காலையில் செய்யுங்கள், தாராளமாக. ஆற்றுக்கு வேண்டாம்.

கடப்பா இந்த ஊர் கிழங்குக்குச் செய்த மரியாதை என்றே சொல்வேன். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, வெந்த கிழங்கைக் கையால் உடைத்துச் சேர்த்து, தேங்காய், பச்சை மிளகாய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா அரைத்துவிட்டுக் கொதிக்கவைத்து, இறக்கி எலுமிச்சை பிழிவது. பட்டை, கிராம்பு, வெங்காயம் தாளிப்பில் வரும். புளி கிடையாது. சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை. கிழங்கைக் கத்தியால் நறுக்கினால் குழம்போடு சேராது; உடைத்தால்தான் ஓரம் கரைந்து குழம்பைக் கெட்டிப்படுத்தும். ஆற ஆற இறுகிக்கொண்டே போகும், அதனால் இட்லி தட்டில் விழுந்த பிறகு கரண்டியால் சுடச்சுட ஊற்ற வேண்டும்.

பருப்பும் தேங்காயும் தண்ணீரும் ஒன்றாக இருக்கிற பண்டம் வெயிலில் ஐந்து மணி நேரம் தாங்காது. காலையிலேயே காலி செய்துவிடுங்கள்.

எப்படிக் கட்டி எடுத்துப் போவது?

இதில்தான் நல்ல கறி வீணாகிறது. வாணலியிலிருந்து நேரே டப்பாவில் போட்டு மூடினால், கொஞ்ச நேரத்தில் மூடியைத் திறந்து பாருங்கள், உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்கும். அவ்வளவும் கறி மேலேதான் சொட்டும். பாடுபட்டு விரட்டின தண்ணீர் திரும்ப வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் அகலத் தட்டில் பரப்பி, கை பொறுக்கிற சூடு அல்ல, சூடே இல்லாத அளவுக்கு ஆறவிடுங்கள். எவர்சில்வர் டப்பாவின் அடியில் துடைத்துக் காயவைத்த வாழை இலை, மேலே கறி, அதற்கு மேலே இன்னொரு இலை. உயரமான தூக்கில் அமுக்கி வைக்காமல் அகலமான டப்பாவில் தளர்வாக வையுங்கள். எடுக்கிற கரண்டி உலர்ந்ததாக இருக்க வேண்டும். பூஜை முடிந்து ஈரக் கையோடு யாராவது அள்ளினால் அந்த டப்பாவை முதலில் தீர்த்துவிடுங்கள்.

சப்பரம் இழுத்துக்கொண்டு வரும் குழந்தைகள் இலை போடும் வரை பொறுக்க மாட்டார்கள். அவர்களுக்கென்று ஒரு சின்ன டப்பாவில் வறுவலைத் தனியாக வையுங்கள்.

தயிர் சாதத்துக்கும் ஒரு வார்த்தை: பாலை நிறைய விட்டு, தயிரைக் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைந்தால் மத்தியானம் சரியான புளிப்புக்கு வந்திருக்கும்.

ஐம்பது பேருக்கு எவ்வளவு?

இரண்டு கறியில் ஒன்று என்றால், ஒரு கிலோ பச்சைக் கிழங்கு ஏழெட்டுப் பேருக்கு வரும். ஐம்பது பேருக்கு ஆறரை, ஏழு கிலோ வாங்குங்கள். அத்தனையையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிளறினால் கிழங்கு வறுபடாது, தன் ஆவியிலேயே வேகும். கல்யாணச் சமையல்காரர்கள் செய்கிற மாதிரி, அரை வேக்காட்டுக் கிழங்கை எண்ணெயில் பொரித்து எடுத்து, தாளிப்பிலும் பொடியிலும் பிரட்டிவிடுவதுதான் வழி. எண்ணெய் அதிகம் இழுக்கும், ஆனால் வேலை முடியும்.

கிழங்கு பச்சையாக இருக்கிறது. தோலைச் சீவினால் போதுமா?

வெளிச்சம் பட்டுப் பச்சை பாய்ந்த கிழங்கில் சோலனைன் என்ற நச்சுப் பொருள் சேர்ந்திருக்கலாம். வேகவைத்தாலும் அது போகாது. ஓரத்தில் சின்னத் திட்டு என்றால் தாராளமாக ஆழ வெட்டி எறியுங்கள், முளைக் கண்ணையும் தோண்டி எடுங்கள். பாதிக்கு மேல் பச்சையாக இருந்தாலோ வாயில் வைத்தால் கசந்தாலோ முழுசாகத் தூக்கிப் போடுங்கள். குழந்தைகள் சாப்பிடுகிற பண்டம், இதில் சிக்கனம் வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள்?

சாதமும் மாவு, கிழங்கும் மாவு. ருசிக்கு இரண்டு துண்டு போதும். அவர்களுக்கென்று அவரைக்காய்ப் பொரியலோ வாழைத்தண்டுக் கறியோ தனியாகச் செய்து கொண்டுபோவது பாசம்.

ஆற்றுக்குப் போகாமல் வீட்டிலேயே சாப்பிட்டால்?

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தள்ளிப்போய், ஆற்றில் தண்ணீர் காணாத ஆண்டுகள் உண்டு. அப்போது போர்செட் தொட்டியிலோ வீட்டுக் குழாயடியிலோ கும்பிட்டுவிட்டுக் கூடத்தில் இலை போடுகிறோம். அன்றைக்கு மேலே சொன்ன கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். பொடிமாஸில் தேங்காயைத் தாராளமாகத் தூவுங்கள். வழக்கம் இருந்தால் சின்ன வெங்காயத்தை முழுசு முழுசாகப் போட்டுக் காரக்கறி செய்யுங்கள். மிளகு சீரகம் அரைத்துவிட்ட மசியல் செய்யலாம். அடுப்பிலிருந்து நேரே இலைக்கு வருகிற கிழங்கின் ருசியே தனி.

சாயங்காலம் மிச்சம் இருந்தால்?

ஆற்றங்கரைக்குப் போய் வந்த டப்பாவில் இருப்பதை வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலேயே எடுத்து வைத்து, ஆறினதும் ஃபிரிட்ஜுக்குப் போன வறுவல் என்றால் மறுநாள் வரை தாங்கும். வெறும் வாணலியில் எண்ணெய் விடாமல் சுடவைத்தால் பொறுக்கு திரும்ப வரும். மிச்சப் பொடிமாஸை உருட்டி, கடலை மாவில் தோய்த்து போண்டாவாகப் போடுங்கள். எலுமிச்சை பிழிந்தது என்றால் மாவில் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.